அவள் தூக்கத்தைத் தூங்கியவன்

காலரா வந்த கோடையில் நர்ஸ் அமராவதிக்கு வரவேண்டிய தூக்கம் முழுவதும் அவள் புருஷன் தண்டாயுதபாணிக்கு வந்தது. காதர்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் நின்றபடியே தூங்கிப்போனான். முதலாளி திட்டிப் பார்த்தார், தண்ணீர் தெளித்துப் பார்த்தார், கடைசியில் கைவண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தெருவில் முதலில் குடி என்றார்கள். அவன் டீயைத் தவிர எதையும் தொடாதவன் என்பது நினைவுக்கு வந்ததும், பெண்டாட்டியின் தூக்கம்தான் என்று ஒப்புக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பஞ்சு குடோனைக் காலி செய்து போட்டிருந்த வார்டில் அமராவதி ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தாள். அந்த நேரத்தில் அவன் எழுந்து சோறு கேட்டதாகவும், பாதிச் சாப்பாட்டில் மறுபடி சாய்ந்துவிட்டதாகவும் பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் வந்து சொன்னாள். அன்று முதல் தினமும் மத்தியானம் அவன் சாப்பிட்டு முடிக்கிற அளவுக்கு மட்டும் தூங்கினாள். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு இடுப்பு வலிக்கவில்லை, கால் கடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வார்டு அவளுக்குப் பிடித்திருந்தது. நேற்றுக் கண் செருகிக் கிடந்தவன் இன்று கஞ்சி கேட்டுச் சண்டை போடும்போது வருகிற சந்தோஷம் அவளுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டாள்; ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை.

மாமனார் ஊரான கொமரலிங்கத்திலிருந்து கொழுந்தன் மருதாசலம் வந்து வார்டு வாசலில் நின்றான். "அப்பனுக்கு இழுத்துக்கிட்டு இருக்குதுங்க அண்ணி. அண்ணனைத்தான் கேக்கறாரு. நீங்க ஒரு நாளைக்குப் படுத்துத் தூங்கினா அண்ணன் வந்து பார்த்துருமுங்க."

அன்றைக்குத்தான் நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கூட இருந்த நர்ஸே நோய் கண்டு கட்டிலில் கிடந்தாள். "பாட்டில் மாத்த ஆளில்லீங்க தம்பி. நாளைக்குக் கட்டாயம் படுத்துக்கறேன்" என்றாள். மறுநாளும் படுக்கவில்லை. வண்டியில் வந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். மாமனார் போய்விட்டார். மூத்தவன் கன்னத்துக்குக் கை கொடுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, இளையவன் கொள்ளி வைத்தான். மத்தியானச் சோற்றுக்கு எழுந்தவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

மழை வந்து நோய் நின்றது. அமராவதி வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தில் படுத்தாள். தூக்கம் வரவில்லை. எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது. அவள் விழித்துக் கிடந்ததால் அவனும் எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மாமியார் நல்லம்மாள் வெள்ளைச் சேலையில் வந்தாள்.

"என்னைத் திட்டிப்போடுங்க அத்தை."

"திட்டத்தான் வந்தேன். நீ இப்படி முழிச்சுக் கெடந்து அழுதீன்னா எம்பையன் எப்ப எந்திரிக்கறது? படு."

"நான்தான் அவருகிட்டச் சொல்லோணும்."

"நீ முழிச்சிருந்தா அவன் எந்திரிக்கமாட்டான். அப்பறம் எப்படிச் சொல்லுவே?"

அமராவதி சுவரைப் பார்த்துப் படுத்தாள். அழுகை ஓய்ந்து, மெதுவாக மூச்சு சீரானது.

தண்டாயுதபாணி எழுந்து உட்கார்ந்தான். அம்மாவின் சேலையைப் பார்த்தான். "அப்பன் எங்கீங்கம்மா?" என்று கேட்டான். நல்லம்மாள் சொன்னாள். அவன் வாய்விட்டு அழத் தொடங்கியதும், மருமகள் விழித்துக்கொள்ளப் போகிறாளே என்று மகனின் வாயைப் பொத்தினாள்.