கணக்கு வேறு, பிரச்சினை வேறு

பிரசங்கம் சார் என்ற பெயர் கல்லூரியில் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நீரியல் பேராசிரியர். வாயைத் திறந்தால் மணி அடித்த பிறகுதான் மூடுவார், சில நாள் அப்போதும் மூட மாட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், மாணவர்களுக்கு ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்றால் அவர் என்ன செய்வார், பாவம்.

முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். இனி முதலாமாண்டுக்குப் பிரச்சினைவழிப் பாடம்தான். அதற்கான ஆசிரியர் பயிற்சியில் தேறாதவர்கள் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து விடைத்தாளுக்குக் கட்டுப் போடலாம். பிரசங்கம் சாருக்கு முதலாமாண்டுப் பிள்ளைகள் என்றால் உயிர். பேருக்கு ஓர் ஆளாகத் தேர்வுப் பிரிவில் கிடக்க மனமில்லாமல் பயிற்சிக்குப் போனார்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் முதல் நாளே எல்லாரையும் ஆளுக்கொரு ப்ராப்ளம் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் இவர் ஒரு கத்தைத் தாளை நீட்டினார்.

"சார், இதெல்லாம் கணக்கு. நான் கேட்டது பிரச்சினை."

"ரெண்டும் ப்ராப்ளம்தானே மேடம்?"

"கணக்குக்கு விடை உங்க கையில இருக்கு. பிரச்சினைக்கு யார் கையிலயும் இருக்கக் கூடாது."

"எனக்கு அப்படி ஒரு பிரச்சினையும் இல்லையே."

"அதுதான் சார் உங்க பிரச்சினை" என்றார் பக்கத்திலிருந்த வேதியியல்காரர். அறையே சிரித்தது.

வீட்டில் அதைவிட மோசம். "கல்யாணம் ஆனதுலருந்து என்னை ஒரு பேச்சை முழுசா முடிக்க விட்டதில்ல. உங்களுக்குப் பேசாம இருக்கறதுல பரீட்சையா? நானே வந்து மார்க் போடறேன்" என்றாள் மனைவி.

சோதனை வகுப்பு நாளும் வந்தது. மூன்றாம் மாடிக் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, ஏன் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தொட்டி மொட்டைமாடியில் அந்தக் குழாய்க்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. உயரம் போதாது, அழுத்தம் இல்லை. விடை அவருக்கு அத்துப்படி. ஆக, இதுவும் மாறுவேஷம் போட்ட கணக்குதான். பயிற்சி அம்மாள் கடைசி வரிசையில் இருந்தார். வாய் நமநமத்தால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள் என்று காலையில் அவர்தான் சொல்லியிருந்தார்.

ஒருவன் மோட்டார் கெட்டுப்போச்சு என்றான். சார் ஒரு மிடறு குடித்தார். இன்னொருத்தி குழாயில் அடைப்பு என்றாள். இரண்டு மிடறு. தொட்டியே காலியாக இருக்கும் என்று ஒரு மேதாவி சொன்னபோது பாட்டிலை ஒரேயடியாகக் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் அது தன் வேலையைக் காட்டியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. எல்லாம் போச்சு என்று நொந்துகொண்டே வெளியே ஓடினார்.

திரும்பி வந்தபோது அவர் நுழைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கரும்பலகையைச் சுற்றி ஒரே கூச்சல். அவர் இல்லாமல் வகுப்பு நடப்பதைப் பார்க்க முதலில் சுருக்கென்றது. பலகையில் உயரம், அழுத்தம் எல்லாம் எழுதி, குறுக்கே ஒரு கோடும் போட்டிருந்தார்கள்.

"அதை ஏன் அடிச்சீங்க?"

"உயரம் மட்டும்தான் காரணம்னா எப்பவுமே வரக் கூடாதே சார். விடுதிப் பிள்ளைங்க சாயங்காலம் படிக்க வர்றப்போ நல்லா வருது" என்றாள் ஒரு பெண். "சாயங்காலம் மட்டும் ஏன் சார்?"

சாயங்காலம் அவர் ஒருநாளும் மூன்றாம் மாடிக்குப் போனதில்லை. வாயைத் திறந்தார்.

"தெரியலைம்மா" என்றார்.

வகுப்பில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. கூரை இடிந்து விழவில்லை. "அப்போ போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று பிள்ளைகள் தடதடவென்று படியேறினார்கள். அவருக்கும் கூடவே ஓட ஆசையாக இருந்தது. ஆனால் பயிற்சி அம்மாள் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"முதலாமாண்டு உங்களுக்குத்தான் சார்."

"எப்படி மேடம்? பாதி வகுப்பு நான் கழிப்பறையிலதானே இருந்தேன்."

"அந்தப் பாதிதான் சார் ரொம்ப நல்லா இருந்துச்சு."