வெள்ளிக்கிழமை முட்டை

பின்னறைச் சுவருக்குள் நல்ல பாம்பு குடியிருப்பதாக செந்தமிழனின் அம்மா அம்புஜவல்லி தெருவுக்கே சொல்லிவைத்திருந்தாள். வெள்ளிதோறும் சுவரடி ஓட்டையில் ஒரு முட்டையும் கிண்ணத்தில் பாலும் வைப்பாள். விடிந்தால் இரண்டும் காலி. பாம்பைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை.

ஒரு நாள் காலை, அந்த அறையில் தூங்கிய கைக்குழந்தையின் குதிகாலில் பல் பதிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"சாமி முத்தம் குடுத்துட்டுப் போயிருக்குது. வெசம் ஏறிச்சா பாரு?" என்று மஞ்சளைக் குழைத்து அப்பினாள் அம்புஜவல்லி.

மருமகள் இளமதி பிள்ளையோடு பெண்ணாடத்துக்கு, அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். சுவரை இடித்துக் கட்டினால்தான் வருவேன் என்று செல்போனில் சொன்னாள்.

"செவுத்துல கை வச்சே, கொளஞ்சியப்பர் கோயில்ல உம்மேல சாமிக்குப் பிராது எழுதிக் கட்டிடுவேன்" என்று மகனிடம் குதித்த அம்புஜவல்லி, பேரனைப் பார்க்காமல் இரண்டு மாதம் போனதும் இறங்கிவந்தாள். கொத்தனார் பக்கிரி கடப்பாறையோடு காத்திருக்க, கற்பூரம் ஏற்றி சுவர்முன் விழுந்தாள்.

"தாயே, வயக்காட்டுப் பக்கம் போயிடும்மா."

"எம்மேல விழாம போவச் சொல்லு யக்கா" என்றான் பக்கிரி.

செந்தமிழனின் அப்பா செராமிக் கம்பெனியில் இருந்தவர். சூளையில் விரிசல் விட்டுக் கழித்த குழாய்களை வண்டியில் கொண்டுவந்து, செங்கல்லை மிச்சம்பிடிக்கச் சுவருக்குள் படுக்கவைத்து மண் அப்பியிருந்தார். எந்தப் பிராணிக்கும் வளை தோண்டும் வேலையே வைக்கவில்லை.

பூச்சு பெயர்ந்ததும் முதலில் வந்தது நாற்றம். மூத்திரமும் அழுகலும் கலந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். பக்கிரி குழாய்க்குள் கடப்பாறையை விட்டு இழுத்தான். முட்டை ஓடு, புழுக்கை, ஈர மயிர் எல்லாம் சரிந்தன. நடுவே மயிர் முளைக்காத சிவப்புக் குட்டிகள் நெளிந்தன. அவை கிடந்தது, எப்போதோ காணாமல் போன குழந்தைச் சட்டையின் மேல். பின்னாலேயே கொழுத்த பெருச்சாளி ஒன்று விழுந்து, அம்புஜவல்லியின் பாதத்தில் ஏறி ஓடியது.

"யக்கா, ஒங்க சாமிக்கு மீசையும் நாலு காலும் இருக்குது!"

அவள் பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப புள்ளய..." என்றவள் அங்கேயே வாந்தியெடுத்தாள்.

செந்தமிழன் குட்டிகளை மண்வெட்டியில் அள்ளிக் குழியில் போட்டு மிதித்தான். காலடியில் கொழகொழவென்று வழுக்கியது. சோப்புப் போட்டுக் குளித்து இளமதியிடம் கிளம்பியவனை அம்மா மறித்தாள்.

"பாம்பு போயிடிச்சின்னே சொல்லுடா. பெருச்சாளின்னா இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா."

பெண்ணாடத்தில் கதவைத் திறந்ததும் இளமதி கேட்டாள், "பாம்பு போயிடிச்சா?"

ஆமாம் என்றால் நாளைக்கே வந்துவிடுவாள். பிள்ளையின் குதிகால் அவள் இடுப்பருகே ஆடிக்கொண்டிருந்தது.

"பாம்பே இல்ல. பெருச்சாளி. அதுதான் கடிச்சிருக்குது. நாளானாலும் புள்ளய இப்பவே ஆஸ்பத்திரியில காட்டணும். குடு, தூக்கிக்கறேன்" என்று கையை நீட்டினான்.

இளமதி பின்வாங்கினாள். "ஆட்டோ கூப்புடுங்க. ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டு புள்ளயத் தொடாதீங்க."

அவன் ஆட்டோ பிடிக்க ஓடினான்.