அம்ராமின் மகளுக்கு ஒரு பெயர்

பிறந்து ஐந்து நாளாகியும் அம்ராமின் மகளுக்குப் பெயர் இல்லை.

எங்கள் யூத ஜெபக்கூடத்தில் வேத வாசிப்புக்கு ஆட்களை மேடைக்கு அழைப்பது என் வேலை. பெண் பிறந்தால் தகப்பனை அழைத்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஆசி கூறுவதும் நான்தான். திங்கள், வியாழன், சனி மட்டுமே வாசிப்பு. திங்கள் வீணாகிவிட்டது. புதன் மதியம் அம்ராம் வந்து நின்றான்.

"சப்தாய் அண்ணே, எங்கம்மா பேரை வெச்சா மாமியார் கிளம்பிடுவாங்களாம். வைக்கலேன்னா எங்கம்மா கிளம்பிடுவாங்களாம். என் வீட்டுக்காரி த்ஸ்வியாவுக்குப் பிரசவத் தையல்கூடப் பிரிக்கல. ஒத்தாசைக்கு ரெண்டு பேரும் வேணும்."

நான் அவனோடு போனபோது இரண்டு அம்மாக்களும் அவன் சமையலறையில் ஒரே மேசையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் அம்மா சிம்ஹா மொராக்கோக் குடும்பம். அங்கே பேத்திக்குத் தன் பெயரை வைப்பதை உயிரோடிருந்து பார்ப்பதுதான் மரியாதை. த்ஸ்வியாவின் அம்மா ப்ளூமா போலந்துக் குடும்பம். அங்கே இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தபால்காரர் கடிதத்தை மாற்றிக் கொடுப்பதில்லையா? மரண தூதனும் அப்படித்தான் ஆளை மாற்றிவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

"உங்க உயிருக்காகத்தானே சொல்றேன், சம்பந்தி," என்றார் ப்ளூமா. "எங்கம்மா ஃப்ரைடா பேரை வைங்க. அவங்களுக்கு இனி ஒண்ணும் ஆகாது."

"என் உயிரை நான் பாத்துக்கறேன். நீங்க கேக்கைச் சாப்பிடுங்க. அதுலயும் ஆபத்து இருக்கா?"

"சர்க்கரை ஜாஸ்தி."

ஃப்ரைடா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"எங்க யித்திஷ் மொழியில சந்தோஷம்."

சிம்ஹா திரும்பினார். "எபிரேயத்துல என் பேருக்கும் அதானே அர்த்தம்?"

"இருக்கட்டும். ஆபத்து பேருலதான், அர்த்தத்துல இல்ல."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது; அதே அர்த்தத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் கிடைத்தால் சரி. எங்கள் கல்யாண ஆசியில் மகிழ்ச்சிக்கு வரிசையாகச் சொற்கள் வரும். அம்ராமுக்கும் நான்தான் ஓதினேன். விரல்விட்டு எண்ணினேன். கீலா: இந்தத் தெருவிலேயே மூன்று பேர். ரினா: மாடிவீட்டுக்காரி, யாரும் விரும்பவில்லை. அடுத்தது தித்ஸா.

"தித்ஸாவா? எங்க சித்தி ஒருத்திக்கு மட்டும் அந்தப் பேர் இருந்துச்சு," என்றார் ப்ளூமா. "அதுக்கு என்ன வேர்?"

"துள்ளுறது. துள்ளிக் குதிக்கிற சந்தோஷம். அந்த வினை வேதத்துல ஒரே ஒரு இடத்துலதான் வருது."

"எங்க?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். "லிவியாதான்னு ஒரு கடல் ராட்சசன். அதுக்கு முன்னாடி திகில் துள்ளுதாம்."

"என் பேத்திக்கு ராட்சசன் பேரா?" என்றார் சிம்ஹா.

"ராட்சசன் துள்ளல. திகில் துள்ளுது," என்றார் ப்ளூமா. அன்று அவர் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை.

உள்ளறையிலிருந்து த்ஸ்வியாவின் குரல் வந்தது. "ஆறு மாசமா என் விலாவுல துள்ளினவ அவதான். அதே இருக்கட்டும். பேசாம இருங்க."

வியாழன் காலை அம்ராமை மேடைக்கு அழைத்து, "அம்ராமின் மகள் தித்ஸா" என்று சொன்னேன். பெண்கள் உட்காரும் மாடத்தில் சிம்ஹா பக்கத்திலிருந்தவரிடம், என் பேருதான் என்றார். ப்ளூமா தன் பக்கத்திலிருந்தவரிடம், எங்கம்மா பேரு என்றார். பிள்ளையின் பெயர் இருவருடையதும் இல்லை, அதனால் தூதன் குழம்ப வழியில்லை. அர்த்தம் இருவருடையதும்தான், அதனால் யாரும் பெட்டியைக் கட்டவில்லை.