வேஷம் கலையாத இரண்டு கர்னல்கள்

வடகரைப் படையின் நெட்டைக் கர்னல் ஒரு மாதப் பயிற்சி முடிந்து செவ்வாய்க்கிழமை காலை வீடு திரும்பியபோது, அவர் காலடியில் குட்டையாக, தொப்பையோடு வேறொருவருடைய நிழல் கிடந்தது. முதலில் பார்த்தது அவர் மனைவி. சமையலறை ஜன்னல் வெயிலில் நின்று அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, செவத்துல ஒரு தொப்பை தெரியுதே, அது யாரோடது?" என்றாள். அவர் திரும்பினார். நிழலும் திரும்பியது, ஆனால் கொஞ்சம் மெதுவாக. அதற்கு வலது முழங்காலில் வலி. அன்று முதல் அவருக்கும் அதே முழங்காலில் வலி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்கரையில், அதே நேரத்தில் குட்டைக் கர்னல் தன் வீட்டு வாசலில் நன்றாகக் குனிந்து உள்ளே நுழைந்தார். நிலைப்படி அவர் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

அந்த ஆறு இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடியது. மேலே, அது மலையிறங்கும் இடத்தில், மூன்றாவதாக ஒரு சின்ன நாடு. சண்டை போடும் அளவுக்கு அதனிடம் ஆட்கள் இல்லை; அதனால் சமாதானக் கல்வி ஆய்வு நிலையத்தை அங்கே வைத்தார்கள். பழைய தபால் பிரிக்கும் கட்டடம். கீழே வகுப்பறை, மாடியில் ஆய்வாளர்கள், நடுவில் எப்போதும் பழுதான தேநீர் இயந்திரம். சமாதானத்துக்காக உழைப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று வெளியே ஒரு நம்பிக்கை உண்டு. பாதிப் பேர் சுமாரானவர்கள்தான். இரண்டு கரைகளிலிருந்தும் அதிகாரிகள் ஒரு மாதம் வந்து படிப்பார்கள். கடைசி நாள் இடமாற்றுப் பயிற்சி. ஒவ்வொருவரும் எதிராளியின் பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, நாள் முழுக்க எதிராளியின் நாட்டுக்காக வாதாட வேண்டும். சாயங்காலம் பயிற்சியாளர் கைமணியை அடிப்பாள். உடனே அட்டையைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, சொந்தப் பெயரையும் சொந்த வீட்டுக் கதவின் நிறத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். இதற்கு அங்கே வேஷம் கலைப்பது என்று பெயர். மணியோசை காதில் விழாமல், கதவின் நிறம் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. சுங்க அதிகாரி ஒருவர் முன்பு அப்படிப் போய், பக்கத்து நாட்டுக்காரரின் பல்வலியை இரண்டு நாள் அனுபவித்திருக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை பயிற்சியாளர் மணியைப் பத்து நிமிடம் முன்னதாகவே அடித்துவிட்டாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. புதுச் செருப்பு கடித்தது. இரண்டு கர்னல்களும் அப்போது தாழ்வாரத்தின் கோடியில் நின்று கத்திக்கொண்டிருந்ததில் மணி அவர்கள் காதில் விழவில்லை. கத்திக்கொண்டே போய் ஐந்து மணிப் படகிலும் ஏறிவிட்டார்கள். மறுநாள் காலை டப்பாவைத் திறந்து எண்ணினாள். இருபத்து நான்கு அட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு. மாடி ஆய்வாளரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "ஒரு ராத்திரி தாண்டினா ஒட்டிக்கும். மணி அடிச்சாத்தான் விடும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். தப்பு செய்தவர்கள் வழக்கமாகச் செய்வதையே அவளும் செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரு நாடுகளும் அப்போது ஆற்றின் நடுவிலிருந்த ஒரு மணல்திட்டுக்காக முறைத்துக்கொண்டிருந்தன. வெள்ளக் காலத்தில் தென்கரை ஊர் மொத்தமும் அதன்மேல் ஏறித்தான் உயிர் பிழைக்கும். வெயில் காலத்தில் வடகரையின் வலைகள் காய்வதற்கு அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. இரண்டு கரையிலும் பீரங்கிகள் வரிசையாக நின்றன. வடக்கே நெட்டையின் கையில், தெற்கே குட்டையின் கையில். இப்போது நெட்டைக் கர்னல் வடகரைத் தலைமையகத்தில் மேசையைக் குத்தித் தென்கரைக்காகப் பேசினார். கனிவாக அல்ல, கண் சிவக்க. தான் ஒருபோதும் கால் வைக்காத ஊரில், ஜன்னல் வரை தண்ணீர் ஏறிய நாளைத் தேதியோடு சொன்னார். குட்டைக் கர்னலோ தென்கரையில், காயாமல் மட்கிப்போன வலையின் நாற்றத்தை விவரித்து இரண்டு தளபதிகளைச் சாப்பிட முடியாமல் செய்தார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு இரு தலைமையகங்களும் ஒரே முடிவுக்கு வந்தன: எதிரி நம் கர்னலுக்கு ஏதோ செய்துவிட்டான், இதைச் சும்மா விடக் கூடாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பீரங்கி முழங்கும். அந்தந்தக் கர்னலே தன் வாயால் உத்தரவு கொடுத்து விசுவாசத்தை நிரூபிக்க வேண்டும். அதற்கு முன் வேஷத்தைக் கலைத்துத் தரும்படி இரண்டு நாடுகளும் நிலையத்துக்குக் கடிதம் எழுதின. வாசகம்கூட ஏறத்தாழ ஒன்றுதான்.

இயக்குநர் பயிற்சியாளரைக் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "ஒம்பதரைக்கு ரெண்டு பேரையும் திட்டுக்கு வரச் சொல்லியிருக்கு. போய் மணிய அடிச்சுட்டு வந்துடுங்க. நிலையத்தோட பேர் கெடக் கூடாது" என்றார். அவள் மணியையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். படகை ஓட்டியது அவள் கணவன். தினமும் இரண்டு முறை இரு பீரங்கி வரிசைகளுக்கும் நடுவே போய் வருகிறவன். "என்னடி, மணியும் டப்பாவுமா கெளம்பிட்ட? ஐஸ் விக்கப் போறியா?" என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். செருப்பு விஷயத்தையும் சொன்னாள். அவன் படகை ஆற்றின் நடுவுக்குத் திருப்பினான். பிறகு, "மணி அடிச்சா அவங்க அவங்களாயிடுவாங்க. அவங்களாயிட்டா பத்து மணிக்குச் சுடுவாங்க. பத்து மணிக்கு நடு ஆத்துல இருக்கப் போறது நானும் நீயும். நல்லா யோசிச்சுத்தான் ஏறினியா?" என்றான்.

"அடிக்கலன்னா அவங்களப் புடிச்சு உள்ள போட்டுட்டு வேற ஆள வெச்சுச் சுடுவாங்க."

"அப்ப அடிச்சாலும் சாவு, அடிக்கலன்னாலும் சாவு. உன் செருப்பு எவ்வளவு பெரிய செருப்புடி!"

மணல்திட்டில் இரண்டு கர்னல்களும் ஏற்கெனவே வந்து நின்றார்கள். நெட்டையின் காலடியில் உருண்டையாக ஒன்றும், குட்டையின் காலடியில் தென்னைமரம்போல் நீளமாக ஒன்றும் கிடந்தன. இருவர் பக்கத்திலும் ஆளுக்கொரு வயர்லெஸ் சிப்பாய்; பெட்டிகள் திறந்திருந்தன, தலைமையகங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. நேரம் ஒன்பது நாற்பது. அவள் சூடு ஏறத் தொடங்கிய மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருவர் சட்டையையும் பார்த்தாள். இருபத்து நான்கு நாளாகியும் அட்டைகள் அப்படியே குத்தியிருந்தன. தொழில்தான் அவளைக் காப்பாற்றியது. மணி காதில் விழாதவரை பயிற்சி முடியவில்லை. பயிற்சி முடியாதவரை மேசையைவிட்டு யாரும் எழக் கூடாது. நிலையத்தின் முதல் விதி அது. ஒரு மாதம் அதை அவர்களுக்கு மண்டையில் ஏற்றியதும் அவள்தான். வகுப்பறைக் குரலில், "வகுப்பு இன்னும் முடியல. எங்க விட்டீங்களோ அங்கேருந்து ஆரம்பிங்க. உக்காருங்க" என்றாள். கணவன் படகின் உட்காரும் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் போட்டான். இருவரும் உட்கார்ந்தார்கள். படித்த பழக்கம்.

நெட்டை தென்கரைக்காகக் கத்தினார். குட்டை வடகரைக்காகக் கத்தினார். வடகரைத் தளபதி தன் அறையில் ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வலையப் பத்தி இவ்வளவு அருமையாப் பேசறானே, யார் அது? நம்ம ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல சார், அவங்க ஆளு."

"அப்ப நம்ம ஆளு?"

"நம்மாளு அவங்களுக்காகப் பேசிட்டிருக்கார், சார்."

தளபதி யோசித்தார். சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது. "இருங்க. சுட்டா அந்தக் குட்டையன் செத்துருவான். நமக்காக இப்படிப் பேச நம்மகிட்டயே ஆள் இல்ல" என்றார். தென்கரையிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. எதிராளியின் கர்னல் தங்களுக்காகப் பேசுவதைக் கேட்டுக் கொண்டாடுவதா, தங்கள் கர்னல் எதிரிக்காகப் பேசுவதைக் கேட்டுக் கொதிப்பதா என்று புரியாமல் இரண்டு தலைமையகங்களும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டன. எந்த இடத்தில் மற்றவன் இறங்குவான், எந்த இடத்தில் செத்தாலும் இறங்க மாட்டான் என்பது இருவருக்கும் முழங்கால்வரை தெரிந்திருந்ததால் ஏமாற்றுவதற்கு வழியில்லை. நாலு மணிக்கு முடிந்தது. தண்ணீர் ஏறும் மாதங்களில் திட்டு தென்கரைக்கு, காயும் மாதங்களில் வடகரைக்கு. பீரங்கிகள் இரண்டு மைல் பின்னால். நெட்டை போட்ட கையெழுத்து குட்டையுடையது, குட்டை போட்டது நெட்டையுடையது. இரண்டும் தாளில் இருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பிறகு எல்லோரும் மணியைப் பார்த்தார்கள். "அடிக்கணுமா?" என்றார் நெட்டை. "அடிச்சா அடுத்த நிமிஷம் நானே இதைக் கிழிச்சுப் போட்டுருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார் குட்டை. பயிற்சியாளர் மணியின் நாக்கில் கைக்குட்டையைச் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

அந்த வகுப்பு இன்றுவரை முடியவில்லை. ஆய்வாளர் அதைப் பற்றி வரைபடங்களோடு நாற்பது பக்கம் எழுதினார். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பில் செருப்பும் வருகிறது. ஐந்தாம் வருடத்திலிருந்து, எல்லைக் காவலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மணி அடிக்க வேண்டாம் என்று இரு நாடுகளுமே கேட்டுக்கொண்டன. பத்தாம் வருடம் காவல் கோபுரங்களில் சொந்த நிழலோடு நிற்பவனைப் பார்த்தால் புதிய ஆள் என்று தெரிந்துகொண்டார்கள். கர்னல்களின் மனைவிகள் தங்களுக்குள் கடிதம் எழுதி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு கரையில் தைலம் தேய்த்தால் இரண்டு முழங்காலும் சுகப்படுவதால், ஒற்றைப்படை நாட்களில் வடகரையிலும் இரட்டைப்படை நாட்களில் தென்கரையிலும் தேய்த்தார்கள். குட்டைக் கர்னல் கடைசிவரை வாசலில் குனிந்தே போனார். பிள்ளைகளும் பழக்கத்தில் குனியத் தொடங்கினார்கள்.

பத்தொன்பது வருடம் கழித்து நெட்டைக் கர்னல் தூக்கத்தில் இறந்தார். மறுநாள் காலைப் படகில், ஆளில்லாமல், தொப்பையோடு ஒரு நிழல் ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்தது. பயிற்சியாளரின் கணவனுக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது. "கொஞ்சம் முன்னாடி வாங்க, அங்க மோட்டார் சூடு அடிக்கும்" என்றான். நிழல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தது. தென்கரையில் இறங்கி, பதினேழு படி ஏறி, சொந்த வீட்டு வாசலில் நின்றது. அங்கே குட்டைக் கர்னல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நெட்டை நிழல் அவர் காலைவிட்டு அசையவில்லை, போக அதற்கு இடமில்லை. வந்தது அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அவர் மனைவி வெளியே வந்து இரண்டையும் பார்த்தாள்.

"ரெண்டும் இருக்கட்டுங்க. வெயில் காலம் வருதுல்ல" என்று சொல்லிவிட்டு, இரட்டைப்படை நாளானதால் தைலத்தை எடுத்துவர உள்ளே போனாள்.