கெட்டியாகக் கரைத்த சாணி

என் மாமியார் கங்கையம்மாளைப் போலச் சாணி கரைக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. வைக்கோல் துணுக்கு ஒன்று கையில் படாது, கட்டி நிற்காது. விடிந்தும் விடியாமலும் ஊர்த்தெருவுக்குப் போய், பெரியநாயகி அம்மாள் வீட்டு வாசலைப் பெருக்கி, சாணி தெளித்துவிட்டு வருவாள். அவள் கை கரைத்த சாணி பட்டால் அந்த வாசல் சுத்தம். அவள் கால் படியில் பட்டால் தீட்டு. இது என்ன கணக்கோ, எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் என் வீட்டுக்காரர் ராஜவேலுவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சொசைட்டியில் வேலை கிடைத்தது. நெசவாளிகள் கொண்டுவரும் புடவையைப் பிரித்துப் பார்த்து, மடித்து அடுக்குகிற வேலை. திங்கட்கிழமை பத்து மணிக்குள் சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்கு என்று ஆர்டரிலேயே போட்டிருந்தார்கள். முதல் சம்பளம் வந்ததும் அம்மா இனி எவர் வாசலுக்கும் போகக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தத் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தோம்.

பெரியநாயகி அம்மாளின் மகன் வரதராஜனும் அதே வேலைக்கு மனு போட்டவன். கிடைக்கவில்லை. வயிறு எரியாமல் இருக்குமா?

அந்தத் திங்கட்கிழமை காலை அத்தை சீக்கிரமே திரும்பிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா கெட்டியா கரைச்சு வாளிய அங்கயே வெச்சிட்டுப் போ, நாங்களே தெளிச்சிக்கிறோம்னு அந்தம்மா சொல்லிட்டாங்கமா. புள்ள கெளம்பறதப் பாக்க ஓடியாந்துட்டேன்."

"அவங்க என்னைக்கு அத்த தன் கையால வாசல் தெளிச்சாங்க?"

"நல்ல நாளும் அதுவுமா வாய வெச்சிக்கினு சும்மா இரு."

அவரிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. செம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். பஸ் பிடிக்க ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வந்ததும் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். இன்றைக்குக் கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இவர் கிளம்பினார்.

போன கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். தலையிலிருந்து வேட்டிவரை சாணி வழிந்தது.

"வரதராஜன் ஊத்திட்டான். வாசல் தெளிக்கிறப்ப குறுக்க வந்தா நான் என்னா பண்றதுன்னு கேக்கறான். தெருவே சிரிக்குது."

அத்தை மகனைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அழக்கூட நேரமில்லை. அவர்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். சட்டையைக் கல்லில் போட்டுச் சவுக்காரம் தேய்த்தேன். சாணி போய்விட்டது. மார்பு முழுக்க மஞ்சளாக ஒரு கறை நின்றது. சவுக்காரம் பட்டதும் அது குங்குமம்போலச் சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. மஞ்சள்தான் அப்படிச் சிவக்கும், அடுப்படியில் நிற்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"சாணியில ஏது அத்த மஞ்சத்தூள்?"

"நான்தாமா போட்டேன். முந்தானையில முடிஞ்சிக்கினு போனேன். புள்ள மொதமொதல்ல வேலைக்குப் போறப்ப அந்த வாசலத் தாண்டித்தானே போவணும். மங்களமா மிதிச்சிட்டுப் போவட்டும்னு ஒரு கை அள்ளிப் போட்டேன்."

சட்டையைப் பிழிந்து உதறி அவரிடம் நீட்டினேன்.

ஈரச் சட்டையோடேயே, தாமலிலிருந்து வந்த அடுத்த பஸ்ஸில் போனார். பத்து மணிக்கு முன்பே போய்விட்டார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

"என்னாபா சட்டையில, ரத்தமா? நாத்தம் வேற அடிக்குது. உள்ள பட்டு இருக்குது, அழுக்காயிடும். நாளைக்கு சுத்தமா வா."

மறுநாள் போனபோது வேறொருவன் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தான். நேற்றுப் பத்து மணிக்குள் நீ சேரவில்லையே என்று இவரிடமே ஆர்டரைக் காட்டியிருக்கிறார்கள். பாவிகள், நன்றாக இருப்பார்களா?

அதற்கும் அடுத்த நாள், இருட்டு பிரியும்போதே அத்தை எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். நான் வழியை மறித்தேன்.

"மானம் கெட்டு அந்த வாசலுக்கா அத்த போற?"

"போவாட்டி உலையில எதப் போடுவ?"

நான் விலகி வழி விட்டேன். அவள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு வேட்டி இருந்தது. ஓரமெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தெறிப்பு.

"வரதராஜன்துமா. ஊத்தறப்ப அவன் மேலயும் தெறிச்சிடுச்சாம். சவுக்காரம் போட்டா செவக்குது, சாணியில என்னா எழவக் கலந்தன்னு அந்தம்மா கேட்டாங்க. மஞ்சத்தூள்மா, எம் புள்ளைக்கு நல்ல நாளாச்சேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்னா சொன்னாங்க?"

"இனிமே அதெல்லாம் கலக்காத. உன்னாலதான் வேட்டி பாழாச்சு, நீயே வெளுத்து எடுத்துக்கினு வான்னு குடுத்தாங்க."

அவர் உள்ளேதான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை.

அத்தை கல்லின் பக்கத்தில் குந்தி வேட்டியை நனைத்தாள். சவுக்காரம் எடுத்தா என்று கை நீட்டினாள். இல்லை என்றேன். வீட்டில் இருந்ததையெல்லாம் அன்றைக்கே அவள் மகன் சட்டைக்குத் தேய்த்துத் தீர்த்தாயிற்று.