ஜன்னலை மறைத்த பலகை

திருப்பி அனுப்பப்பட்ட நானூறு சட்டைகளும் கட்டிங் மேசைமேல் மலைபோல் கிடந்தன. எல்லாம் கருநீலம். ஆனால் உடம்பு ஒரு கருநீலம், கை இன்னொரு கருநீலம். வாங்கிய கம்பெனிக்காரன் பிரித்துப் பார்த்த கையோடு திருப்பி ஏற்றிவிட்டான். அந்தக் குவியலுக்கு முன்னால் முதலாளி புதுசை நிற்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

புதுசு என்பவள் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள். வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. இன்னும் அவளுக்குப் புதுசு என்றுதான் பெயர்.

"கைத்துணிக் கட்ட மாத்தி எடுத்துத் தச்சிருக்கா, வேற என்ன? பைக்காரங்கள உள்ள விட்டா இதான் நடக்கும். சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டல் ரூமையும் காலி பண்ணிடு."

"எனக்கு எந்தக் கட்டு வந்துச்சோ அதத்தான் சார் தச்சேன்" என்றாள் புதுசு. இரண்டு தடவை சொன்னாள். யார் காதிலும் ஏறவில்லை.

அந்த ஊருக்கு ஒரு குணம் உண்டு. வருகிறவர்களை அவர்கள் தூக்கி வந்த சாமானை வைத்துத்தான் கூப்பிடும். தறி ஓட்ட முதலில் வந்தவர்கள் துணி மூட்டையோடு வந்தார்கள், அவர்கள் மூட்டைக்காரர்கள். அடுத்து வந்தவர்கள் தகரப் பெட்டி தூக்கி வந்தார்கள், பெட்டிக்காரர்கள். இப்போது முதுகில் பை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் பைக்காரர்கள். மூட்டைக்காரன் கொஞ்சம் காசு பார்த்ததும் பெட்டிக்காரனைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டான். பெட்டிக்காரன் தன் பங்குக்குப் பைக்காரனைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். ஊரில் மூட்டைச் சந்து இருக்கிறது, பெட்டிக் காலனி இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இங்கே இருந்தவன் என்று ஒருத்தனைக் காட்டச் சொன்னால் வாய்க்காலைத்தான் காட்ட வேண்டும். அதுவும் சாயப்பட்டறையில் இன்றைக்கு என்ன ஆர்டரோ அந்த நிறத்தில்தான் ஓடும்.

பெட்டியக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இப்போது அந்தத் தொழிற்சாலையில் துணிக்குச் சாயம் பிரிக்கிற கண் அவளுடையது. ஒரே நிறமென்று வந்தாலும், சாயத்தொட்டியில் ஒவ்வொரு தடவை கொதிக்கவைக்கும்போதும் நிறம் ஒரு மயிரிழை மாறும். ஒரு தடவை கொதித்து வந்ததை ஒரு கொதி என்பார்கள். ரோல் நுனியில் விரல் அகலத்துக்கு வெட்டி, ஜன்னலடியில் வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று சேருவதைச் சேர்த்து, ரோலில் சாக்கட்டியால் எண் போடுவாள். ஒரே எண் போட்ட ரோல்களைத்தான் சேர்த்து வெட்டுவார்கள்.

அவள் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வெயிலில் பிடித்தாள். கை மட்டும் சிவப்பு அடித்தது. உள்ளே கொண்டுவந்து தன் மேசையில் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்தாள். உடம்பும் கையும் ஒட்டிப் பிறந்தவைபோல் ஒரே நிறமாகக் கிடந்தன.

இரண்டு கொதியையும் ஒரே எண்ணில் சேர்த்தவள் அவள்தான். ஜன்னல் இல்லாமல் பிரித்திருக்கிறாள்.

ஜன்னல் எங்கே போனது? மூன்று மாதத்துக்கு முன், வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்காக, முதலாளி அதை மறைத்து ஒரு பெரிய பலகையை மாட்டினார். 'நமது நகரின் வரலாறு' என்று தலைப்பு. மேலே முதலாளியின் தாத்தா படம். அடியில் 'இம்மண்ணின் மைந்தர்' என்று எழுதியிருந்தது. மூட்டைச் சந்தில் முதல் வீடு அந்த மைந்தருடையது. வாழ்ந்த காலமெல்லாம் ஊர் அவரை 'ஏ மூட்டை' என்றுதான் கூப்பிட்டது. பலகையில் பெட்டியைக் காணோம், பையைக் காணோம். எல்லாத் துணியும் தானே நெய்துகொண்டது போல எழுதியிருந்தது.

அன்றைக்கே பெட்டியக்கா வாயைத் திறந்திருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாமல் சாயம் பிரிக்க முடியாதென்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? பலகையின் கடைசி மூலையில் அவள் படமும் இருந்தது. 'இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு. நம் ஊர் மகள்.' பெட்டியக்காவின் மகள் அதைப் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். உச்சி குளிர்ந்துபோனதில் ஜன்னல் போனது உறைக்கவில்லை. இப்போது நினைக்க நினைக்க அவளுக்குத் தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

நேராகப் போய் முதலாளி முன்னால் நின்றாள்.

"அவள விடுங்க சார். ரோலப் பிரிச்சது நான். தப்பு என்னோடது."

முதலாளி அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "உன்ன யாரு கேட்டா? பன்னெண்டு மணிக்குக் கம்பெனி ஆள் வர்றான். ஒருத்தர வெளிய அனுப்பிட்டோம்னு காட்டணும். அவ போனா யாரு கேக்கப் போறா? நீ நம்ம ஊரு ஆளு. போர்டுலயே போட்டிருக்கேன், பேசாம போய் உக்காரு."

"அந்த போர்டாலதான் சார் இந்த வினையே. அத எடுங்க."

"போர்டு என்னடி பண்ணுச்சு?"

வாயால் சொல்லி ஆகிற காரியமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மெக்கானிக்கிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் முதலாளியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டான். ஜன்னலடியில் இருந்த தன் மேசைமேல் ஏறி நின்று ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினாள். கடைசி ஸ்க்ரூ அவள் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தாத்தா, மைந்தர், நம் ஊர் மகள் எல்லாம் சேர்ந்து தடாலென்று தரையில் விழுந்தார்கள். தையல் மிஷின்கள் நின்றுவிட்டன.

வெளிச்சம் கட்டிங் மேசையின் மறுகோடிவரை வந்து விழுந்தது. அங்கே அன்று காலை அவளே ஒரே எண் போட்டு அனுப்பிய மெரூன் துணி, பாதி வெட்டி அடுக்கியிருந்தது. அந்த அடுக்கில் ஒரு பாதி பழுப்படித்தது, மறு பாதி ஊதா அடித்தது.

"பாருங்க. நல்லா கிட்ட வந்து பாருங்க. இதுவும் நான் போட்டதுதான். இதுக்கு இன்னும் கையே தைக்கல. இத எந்தப் பைக்காரி தலையில கட்டப் போறீங்க?"

எல்லோரும் வந்து பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். இனி புதுசின் தலையில் கட்ட வழியில்லை என்று முதலாளிக்கும் தெரிந்துவிட்டது. அவர் முகம் கறுத்தது.

"எங்கிருந்தோ பெட்டியத் தூக்கிட்டு வந்த நாய்க்குச் சோறு போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்! பெட்டிக்காரி புத்தி போகுமா? வெளிய போடி!"

இருபத்திரண்டு வருடத்து ஊர் மகளை மறுபடி பெட்டிக்காரியாக்க அவருக்கு அரை நிமிடம்தான் பிடித்தது.

"போறேன். பெட்டிதான் சார் தூக்கிட்டு வந்தேன், உங்க தாத்தா மூட்டை தூக்கிட்டு வந்த மாதிரி. எழுதுறதுன்னா அதையும் சேத்து எழுதுங்க."

புதுசு மிஷினுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அழாத, போய் உக்காந்து தை. இனிமே ஜன்னல்ல பாக்காம எவன் எண் போட்டாலும் வாங்காத" என்று அதட்டிவிட்டு, பெட்டியக்கா தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

உள்ளே முதலாளி அலறுவது முற்றம்வரை கேட்டது. "அவன் வர்றதுக்குள்ள போர்ட மாட்டுங்கடா! ஸ்க்ரூ எங்கடா?"

கேட்டில் காவல்காரர் எழுந்து நின்றார். தினமும் சாயங்காலம் பைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்ப்பது அவர் வேலை. பெட்டியக்காவை ஒருநாளும் நிறுத்தியதில்லை. 'நீங்க போங்கக்கா' என்பார். இன்றைக்கு அவர் கையில் போன் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, பையத் தொறக்கச் சொல்றாங்க."

அவள் வலது கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு, இடது கையால் பையைத் திறந்து மேசைமேல் அப்படியே கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, ஒரு சீப்பு, பாதி தேய்ந்த சாக்கட்டி. அவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். பையைத்தானே பார்க்கச் சொன்னார்கள். வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் வலது கையை விரித்தாள். ஆறு ஸ்க்ரூவும் மெரூன் தண்ணீருக்குள் போயின.