செத்துப்போன டேங்க்

துணி தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் பினாயில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகக் கழிப்பறைகளைக் கழுவுகிறவள். ஒரு கறை கண்ணில் பட்டுவிட்டால் அதைப் போக்கும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆறு மாதத்துக்கு முன்பு பெண்கள் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு டேங்க்கைப் புதைத்தார்கள். வாசலுக்கு மேலே ஒரு சின்ன விளக்கையும் மாட்டினார்கள். கட்டடம் முழுக்க மின்சாரம் போனாலும் அந்த விளக்கு மட்டும் எரிந்தது. வாரம் ஒருமுறை அதைப் பார்க்க வரும் ஆராய்ச்சிக்காரரை எல்லோரும் டாக்டர் என்றார்கள். ஒருநாள் அவள் கையில் வந்திருந்த படையைக் காட்டி மருந்து கேட்டபோது, "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்று கூச்சத்தோடு நகர்ந்துவிட்டார். பிறகு எந்த டாக்டர் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை விளக்கு எரியவில்லை. டாக்டர் வந்து டேங்க்கின் மூடியைத் திறந்து, ஒயரைச் செருகி மீட்டரைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"எல்லாம் செத்துப்போச்சு" என்றார்.

அவள் கையிலிருந்த வாளி நழுவியது. "யாரு சார்? உள்ள யாராச்சும் விழுந்துட்டாங்களா?"

"ஆள் இல்லம்மா. கிருமி."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கிருமிதானா! சாகட்டும் சார். இப்படியா பயமுறுத்துவீங்க?"

"ஐயோ, கரண்ட் குடுக்கிறதே அதுங்கதான்!"

டேங்க்குக்கு வரும் மூத்திரத்தைத் தின்றுதான் அந்தக் கிருமிகள் மின்சாரம் விடுகின்றன என்று தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினார். அவளுக்குப் படம் புரிந்தது, விஷயம்தான் புரியவில்லை. கிருமியைக் கொல்லத்தானே அவளுக்குச் சம்பளம்?

"சனிக்கிழம என்ன ஊத்துனீங்க?"

"ஆசிட். ரெண்டு பாட்டில்." பெருமையாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது. வெளியிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள், எல்லாம் பளபளவென்று இருக்கணும் என்று சூப்பர்வைசர்தான் அந்தப் பாட்டில்களைத் தந்திருந்தார்.

சத்தம் கேட்டு அவரே வந்துவிட்டார். "ரெண்டையும் ஒரே நாள்ல கவுக்கச் சொன்னேனா? மண்டையில எதுவும் ஏறாதா?"

"டேங்க்ல உசிரு இருக்குன்னு எனக்கு யாராச்சும் சொன்னீங்களா சார்?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த உத்தரவு இதுதான்: இனி ஆசிட் கூடாது, நாற்றமும் வரக்கூடாது.

மாலையில் வீட்டுக் கழிப்பறையில் ஆசிட் பாட்டிலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள போய் எவ்ளோ நேரமாச்சு, என்ன பண்ற?" என்றார் வீட்டுக்காரர்.

"இங்க இருக்கிறது நல்ல கிருமியா, கெட்ட கிருமியான்னு பாக்குறேன்."

"அது நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா? சீக்கிரம் ஊத்திட்டு வா, எனக்கு அவசரம்."

ஊற்றினாள். எதையோ கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. ஊற்றாமல் வந்திருந்தால் கழுவாமல் வந்த மாதிரி இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் வேறொரு டேங்க்கிலிருந்து ஒரு கேன் நிறையக் கிருமி ஊறிய கறுப்புச் சேறு கொண்டுவந்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல மெல்ல ஊற்றினார். அவள் தரையை மட்டும் பினாயில் போட்டுத் துடைத்து, அந்தத் தண்ணீரை வெளிச் சாக்கடைக்குச் சுமந்தாள். பீங்கானை வெறும் தண்ணீர் விட்டு, தோள்பட்டை கழன்றுவிடும்போல் தேய்த்தாள். டாக்டர் விட்டுப்போன மீட்டரில் தினமும் எண்ணைப் பார்த்துச் சுவரில் எழுதினாள். எண் ஏறிய நாளில் சந்தோஷமாக இருந்தது. கிருமி பெருகியதற்கா சந்தோஷப்படுகிறோம் என்று உடனே குழம்பிப்போவாள்.

மூன்று வாரம் கழித்து விளக்கு மங்கலாக எரிந்தது. தையல் பெண்கள் கைதட்டினார்கள். அன்றே சூப்பர்வைசர் கழிப்பறைச் சுத்தம் பற்றிய ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். 'கிருமிகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன: ஆம் / இல்லை' என்று அதில் இருந்தது.

அதை டாக்டரிடம் கொண்டுபோனாள். "இதுல எதுக்கு டிக் போடுறது சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தெரியலம்மா. அவரையே கேளுங்களேன்."

கேட்டாள். சூப்பர்வைசர் தாளை இரண்டு முறை படித்தார். விளக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்புறம் பாத்துக்கலாம், போய் வேலையப் பாரு" என்றார்.

அவள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, டேங்க் எதுவும் இல்லாத ஆண்கள் கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.